கேட்ட பின்னரே கொடுக்கும் கம்பி

எங்கள் பள்ளி வாயிலில், வலப்புறத் தூணின்மேல் ஒரு காமிரா இருப்பதைத் தோழியர் யாவரும் பார்த்திருப்பீர்கள். அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அருகில் மின்பெட்டி இல்லை, பிளக்கும் இல்லை. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு நீலக் கேபிள் மட்டும் தூண் வழியே இறங்கி அலுவலகத்திற்குச் செல்கிறது. படம் வருவதும் அதன் வழியே; மின்சாரம் போவதும் அதன் வழியே. இம்முறைக்குப் ‘பவர் ஓவர் ஈதர்நெட்’ என்று பெயர்.

இதனைப் பற்றி அறியும்படி எங்களைத் தூண்டியது அறிவு வேட்கை என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் உண்மையில் தூண்டியது ஒரு தீய்ந்த வாசனை.

கணினி அறையைத் தூய்மை செய்யும் முறை எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு சனிக்கிழமை, கேபிள்களை எல்லாம் கழற்றித் துடைத்து, மீண்டும் செருகினோம். அங்கே சுவரோரம் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி இருந்தது. விடுதித் தாழ்வாரத்தில் உள்ள வைஃபை கருவிக்கு மின்சாரம் அனுப்புவதற்காக முன்பு யாரோ வாங்கி வைத்தது அது. அதில் ஒரே மாதிரியான இரண்டு துளைகள். தவறான துளையிலிருந்து வந்த கேபிளை ஒரு பழைய கணினியில் செருகிவிட்டோம். சில விநாடிகளில் வாசனை வந்தது. கணினி பிழைத்தது; ஆனால் அதன் இணைப்புத் துளை அன்றோடு ஊமையாயிற்று.

எங்களுக்கு விளங்காதது இதுதான். வாயில் காமிராவுக்குச் செல்லும் கேபிளிலும் மின்சாரம் உண்டு. அதைப் பலமுறை இதே போன்ற கணினிகளில் செருகியிருக்கிறோம், ஒன்றும் நேர்ந்ததில்லை. பார்வைக்கு இரண்டும் ஒரே கேபிள். ஒன்று சுட்டது, மற்றொன்று சுடவில்லை. ஏன்? “காரணத்தை நீங்களே கண்டுபிடித்து வாருங்கள், தண்டனையைப் பிறகு பேசலாம்” என்றார் எங்கள் அறிவியல் சகோதரி.

முதலில் கேபிளைப் பார்ப்போம். அதனுள் எட்டுச் செப்புக் கம்பிகள் உண்டு. இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக அவை இருக்கும். கணினிகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் ஈதர்நெட் முறை 1973-இல் அமெரிக்காவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் என்பவர்களின் முயற்சியால் தோன்றியது. அப்போது கேபிளின் வேலை செய்தி சுமப்பது மட்டுமே. அதில் மின்சாரமும் அனுப்பும் பொது விதி 2003-இல்தான் வந்தது.

ஆனால் எண்ணம் மிகப் பழையது. மடத்து வரவேற்பறையில் முன்பு இருந்த கறுப்புத் தொலைபேசி, ஊரே இருண்டிருக்கும்போதும் மணியடிக்குமாம். அதற்குத் தனி மின்சாரம் கிடையாது. பேச்சு வரும் அதே இரு கம்பிகளின் வழியே, தொலைபேசி நிலையத்து மின்கலங்கள் ஏறத்தாழ 48 வோல்ட் நேர்த்திசை மின்சாரம் அனுப்பிக்கொண்டிருந்தன. பவர் ஓவர் ஈதர்நெட்டும் அதே அளவை ஒட்டித்தான் இயங்குகிறது.

செய்தியும் மின்சாரமும் ஒரே கம்பியில் கலந்துவிடாவா? எங்களுக்கும் இந்த ஐயம் எழுந்தது. செய்தி என்பது ஓர் இணையின் இரு கம்பிகளுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு. மின்சாரமோ அவ்விரு கம்பிகளையும் சம அளவில் உயர்த்துகிறது. மற்றோர் இணையின் வழியே திரும்புகிறது. ஒரே பரிசலில் அக்காளும் தங்கையும் நிற்கிறார்கள் என்று கொள்வோம். ஆற்றில் எவ்வளவு நீர் ஏறினாலும், அக்காள் தங்கையைவிட எத்தனை அங்குலம் உயரம் என்பது மாறுமா? செய்தியைப் படிக்கும் கருவி அந்த அங்குலத்தை மட்டுமே பார்க்கிறது. வெள்ளத்தைப் பார்ப்பதில்லை.

சரி, கைப்பேசிக்குத் தருவதுபோல் 5 வோல்ட் போதாதா? எங்கள் பாடப்புத்தகத்து ஓம் விதியே இதற்கு விடை சொல்கிறது. 13 வாட் வேண்டும் கருவிக்கு 5 வோல்ட்டில் 2.6 ஆம்பியர் தேவை. 100 மீட்டர் கேபிளில் போய்த் திரும்பும் பாதையின் தடை அதிகபட்சம் 20 ஓம் என்று 2003-ஆம் ஆண்டு விதி வைத்துக்கொள்கிறது. 2.6 ஐ 20 ஆல் பெருக்கினால் 52 வோல்ட் வழியிலேயே வீழ வேண்டும். கையில் இருப்பதோ 5! ஆகவே மின்னழுத்தத்தைக் கூட்டி, மின்னோட்டத்தைக் குறைக்கிறார்கள். குறைந்தது 44 வோல்ட், அதிகபட்சம் 0.35 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 15.4 வாட் வருகிறது. வழியில் வெப்பமாகப் போவது 0.35 × 0.35 × 20, அதாவது 2.45 வாட். மீதி 12.95 வாட். விதிநூலில் கருவிக்குக் கிடைக்கும் அளவாக அச்சிட்டிருப்பதும் மிகச் சரியாக 12.95 தான். ஜூல் விதியைத் தேர்வுக்காக மட்டுமே படித்த எங்களுக்கு, அந்த எண் ஒத்துவந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை என்னென்பது! பின்னர் 2009-இல் இவ்வளவு 30 வாட்டாகவும், 2018-இல் நான்கு இணைகளையும் பயன்படுத்தி 90 வாட்டாகவும் உயர்ந்தது. இவை அனுப்புமிடத்து அளவுகள். தூரம் மட்டும் 100 மீட்டரைத் தாண்டுவதில்லை. உடற்கல்வி ஆசிரியையின் நாடாவை வாங்கி எங்கள் வாயில் கேபிளை அளந்தோம். 62 மீட்டர் இருந்தது.

இனிப் புதிருக்கு வருவோம். அலுவலகத்தில் காமிரா கேபிள் சென்று சேரும் சுவிட்ச், எடுத்த எடுப்பில் 48 வோல்ட்டை அனுப்புவதே இல்லை. முதலில் 10 வோல்ட்டுக்கு மிகாத சிறு மின்னழுத்தத்தை இருமுறை வெவ்வேறு அளவில் கொடுத்து, எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்று பார்க்கிறது. மின்சாரம் பெறத் தகுந்த கருவிகளில் 25 கிலோ ஓம் அளவுள்ள தடை ஒன்றை அடையாளமாக வைத்திருப்பார்கள். அந்த அளவு தென்பட்டால்தான் சுவிட்ச் அடுத்த படிக்குச் செல்லும். உனக்கு எவ்வளவு வாட் வேண்டும் என்பதையும் அளந்தறிந்து, பிறகே முழு மின்னழுத்தத்தைத் திறந்துவிடும். கொடுத்த பின்னும் கண்காணிப்பு நிற்பதில்லை. கேபிளைப் பிடுங்கினால் அரை விநாடிக்குள் மின்சாரம் நின்றுவிடும். இல்லையெனில் நாம் அடுத்துச் செருகும் கணினி அல்லவா அதை வாங்கிக்கொள்ளும்!

சாதாரணக் கணினியின் துளையில் அந்த 25 கிலோ ஓம் அடையாளம் இல்லை. பழைய கணினிகளில், செய்திக்குப் பயன்படாத இரண்டு இணைகளையும் 75 ஓம் தடை ஒவ்வொன்றின் வழியாக ஒன்றுசேர்த்திருப்பார்கள். மொத்தம் 150 ஓம். சுவிட்ச் இதைக் கண்டதும், நமக்குரிய விருந்தாளி அல்லர் என்று வாயை மூடிக்கொள்கிறது.

கறுப்புப் பெட்டிக்கு இந்த விசாரணை தெரியாது. அது எப்போதும் 48 வோல்ட்டை அந்த இரண்டு இணைகளில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. 48 ஐ 150 ஆல் வகுத்தால் 0.32 ஆம்பியர். அரை ஆம்பியர் வரை தரவல்ல அந்தப் பெட்டிக்கு இதில் ஐயம் கொள்ள ஒன்றுமில்லை. கருவி ஒன்று பசியாறுகிறது என்று எண்ணிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. 48 × 0.32 என்றால் 15 வாட்டுக்கு மேல். அதைத் தாங்க வேண்டியவை கடுகளவான இரண்டு தடைகள். சகோதரி கணினியைத் திறந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எங்களிடம் கொடுத்தார். இரண்டும் கரியாகிக் கிடந்தன.

இந்த வகைப் பெட்டிகள் விலை மலிவு. தமக்குரிய கருவியோடு மட்டும் இருக்கும்வரை ஒழுங்காகவே வேலை செய்கின்றன. எனினும் பல மாணவியர் கை படும் இடத்தில் வைக்கத் தக்கவை அல்ல என்பது எங்கள் கருத்து. விசாரித்துக் கொடுக்கும் பெட்டிகளும் கடைகளில் கிடைக்கின்றன; அடுத்த ஆண்டு வாங்குவதாகச் சகோதரி சொல்லியிருக்கிறார்.

அதுவரை, மின்சாரம் வரும் துளையைச் சுற்றியும் அதன் கேபிளின் இரு முனைகளிலும் சிவப்பு நகப்பூச்சு பூசி வைத்திருக்கிறோம். பள்ளிக்கு நகப்பூச்சு கொண்டுவரக் கூடாது என்ற விதிக்கு அன்று ஒரு நாள் மட்டும் விலக்குக் கிடைத்தது. பாட்டிலை மாலையில் சகோதரி திரும்ப வாங்கிக்கொண்டார்.