இளம் வீரரும் கல்லூரி வாக்குறுதியும்

அமெரிக்க நாட்டில் கல்லூரி விளையாட்டு என்பது நாம் இங்கே கண்டு பழகிய கல்லூரி விளையாட்டு அன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கில் மட்டும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்து ஆட்டம் காணலாம். என்.சி.ஏ.ஏ. என்னும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின்கீழ் ஆடும் மாணவ மாணவியர் 5 லட்சத்துக்கும் அதிகமானோர். அந்நாட்டில் உயர்கல்விக்குச் செலவு மிகுதி. ஆதலால், விளையாட்டுத் திறனைக் கொண்டு கல்லூரி இடமும் உதவித்தொகையும் பெறுவது பல குடும்பங்களின் பெருங்கனவாக உள்ளது. அக்கனவிலிருந்து கிளைத்த வழக்கமே முன்கூட்டி வாக்களித்தல் ஆகும்.

பள்ளியில் படிக்கும் வீரர் ஒருவர், 'உங்கள் கல்லூரிக்கே வருவேன்' என்று பயிற்றுநரிடம் வாயால் சொல்கிறார். பயிற்றுநரும் 'உனக்கு இடம் உண்டு' என்கிறார். எழுத்து இல்லை, கையொப்பம் இல்லை. இவ்வாக்கு இரு தரப்பையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. ஆயினும் செய்தித்தாள்கள் அதை வெளியிடுகின்றன, ஊரார் பாராட்டுகின்றனர், வீட்டார் மற்றக் கல்லூரிகளைத் தேடுவதை நிறுத்திவிடுகின்றனர். கட்டு இல்லாத சொல் கட்டாகவே நடந்துகொள்கிறது என்பதுதான் இதன் விந்தை.

டேவிட் சில்ஸ் என்பாரின் வரலாறு இதற்குத் தக்க சான்று. டெலவேர் மாநிலத்துச் சிறுவரான இவர், 2010-இல் தம் 13-ஆம் வயதில், ஏழாம் வகுப்புப் பயிலும்போதே, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு வாக்களித்தார். அவரை அழைத்தவர் அங்குத் தலைமைப் பயிற்றுநராயிருந்த லேன் கிப்பின். 2013-இல் கிப்பின் பதவி நீக்கப்பட்டார். சில்ஸ் அப்போது இன்னும் பள்ளி மாணவரே. முடிவில் அவர் சேர்ந்தது மேற்கு வர்ஜீனியப் பல்கலைக்கழகம். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஆவார் என்று எல்லாரும் எண்ணிய அவர், பந்தைப் பற்றும் வீரராக மாறி 2017-ஆம் ஆண்டுப் பருவத்தில் 18 முறை பந்தைப் பற்றி எல்லைக்கோட்டைக் கடந்தார். அவர் வீழவில்லை, நன்றாகவே எழுந்தார். ஆனால், 13 வயதில் குறித்த கல்லூரி, குறித்த பயிற்றுநர், குறித்த ஆட்டநிலை ஆகிய மூன்றில் ஒன்றுகூட நிலைக்கவில்லை என்பதைக் கருதவேண்டும்.

இளமையின் இயல்பு அது. ஒருவர் 13 வயதில் உயரமாயிருப்பது, மற்றவரைவிட முன்னதாக வளர்ந்ததால் மட்டுமே இருக்கலாம். பின்தங்கியவர் 17 வயதில் அவரை விஞ்சலாம். உடலைப் போலவே படிப்பின்மீதுள்ள நாட்டமும் மாறும். ஒரே விளையாட்டில் முழுதாக இறங்குவதை 15 அல்லது 16 வயது வரையேனும் தள்ளிவைப்பது நலம் என 2016-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் எடுத்துரைத்தது. விளையாட்டைத் தேர்வதற்கே அவ்வயது வேண்டுமெனில், கல்லூரியைத் தேர்வதற்கு அதற்கு முந்திய வயது எப்படிப் போதும்?

சங்கமும் வாளாவிருக்கவில்லை. லாக்ராஸ் விளையாட்டில் ஒன்பதாம் வகுப்பினரும் வாக்களிக்கும் நிலை வரவே, 11-ஆம் வகுப்பின் செப்டம்பர் முதல் நாளுக்கு முன் பயிற்றுநர் மாணவரோடு பேசுதல் கூடாது என்று 2017-இல் தடை விதிக்கப்பட்டது. பயிற்றுநர் பலரே அத்தடையை வேண்டி நின்றனர். ஒருவர் முந்தினால் அனைவரும் ஓடவேண்டியிருந்ததே காரணம். 2019-இல் வேறு பல விளையாட்டுகளுக்கும் இத்தகைய காலவரையறை வந்தது.

முன்கூட்டி வாக்களிப்போர் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆடவர் லாக்ராஸ் அணி ஒன்றுக்கு 2025 வரை 12.6 முழு உதவித்தொகைகளே அனுமதிக்கப்பட்டிருந்தன; அவற்றை நாற்பதுக்கும் மேற்பட்டோர் பங்கிட்டுக்கொள்ளும் அணிகள் பல. வசதி குறைந்த வீட்டிற்கு, கைக்கு எட்டியதை விடாமல் பற்றுவதே அறிவுடைமையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அண்மை மாற்றங்கள் இந்த அச்சத்தை வளர்த்திருக்கின்றன. கல்லூரி மாற விரும்புவோரின் பதிவேடு 2018-இல் தொடங்கியது. மாறுவோர் ஓராண்டு ஆடாமல் காத்திருக்கவேண்டிய விதி 2021-இல் தளர்ந்தது. பயிற்றுநர்கள் பள்ளிச் சிறுவரைவிட வளர்ந்து பழகிய வீரரை நாடத் தொடங்கினர். 1964 முதல் வழங்கிய தேசிய ஒப்புதல் மடல் என்னும் ஆவணம் 2024-இல் கைவிடப்பட்டது. 2025 ஜூலை முதல் கல்லூரிகள் வீரருக்கு நேரடியாகப் பணமும் தரலாம். முதலாண்டு உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர்.

இம்மாற்றங்கள் வாய்ச்சொல்லின் எடையைக் கூட்டவில்லை, குறைத்தே இருக்கின்றன என்பது நம் கருத்து. ஓரிடத்துக்கு மூவரிடம் 'ஆம்' சொல்லப் பயிற்றுநரால் முடியும். அவர் வேறு கல்லூரிக்குப் பெயர்ந்தும் போவார். பிள்ளையோ தன் பெயரையும் நம்பிக்கையையும் அந்த ஒரு சொல்லில் வைத்துவிடுகிறது. பெரியவரின் வாக்கும் சிறுவரின் வாக்கும் ஒரே தராசில் நிற்பதில்லை.

ஆகவே, 11-ஆம் வகுப்பிற்கு முன் எந்த வாக்கும் தரவேண்டா என்போம். அதன்பின்னும், பெற்றோர் சில வினாக்களை முகத்துக்கு நேரே கேட்டல் வேண்டும். உதவித்தொகை ஓராண்டுக்கா, படிப்பு முடியும் வரைக்கா? 2012 முதல் பல ஆண்டுகளுக்கு வழங்க விதி இடம் தருகிறது, ஆனால் கட்டாயமில்லை. முழங்கால் முறிந்தால் தொகை தொடருமா? விரும்பும் பாடத்தின் ஆய்வக நேரமும் பயிற்சி நேரமும் மோதினால் எது விட்டுக்கொடுக்கும்? கல்லூரி வீரருள் தொழில்முறை ஆட்டத்துக்குச் செல்வோர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை என்று சங்கமே கூறும் நிலையில், இக்கடைசி வினாவே தலையாயது. இவற்றுக்கு எழுத்தில் விடை தரத் தயங்கும் கல்லூரிக்குப் பிள்ளை தன் சொல்லைத் தரத் தயங்குவதில் தவறில்லை.