பாட்டி அஞ்சியது எதற்கு?

1970ஆம் ஆண்டு, எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, கொல்லிமலை அடிவாரத்தில் இருந்த ஒரு டூரிங் டாக்கீஸில் 'நெஞ்சம் மறப்பதில்லை' திரைப்படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். படம் வெளிவந்து ஏழு ஆண்டுகள் கழித்தே அது எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தது. தரை டிக்கெட்டில், பெண்கள் பகுதியில், பாட்டியின் மடியை ஒட்டி மணலைக் குவித்து உட்கார்ந்திருந்தேன்.

என் தந்தையின் பூர்வீகம் கொல்லிமலையின் குண்டூர் நாடு. பதினான்கு நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் அம்மலையில் அதுவும் ஒன்று. வேலையின் பொருட்டுத் தந்தை அடிவாரத்தில் குடியேறிவிட்டார். பாட்டி மலையிலேயே இருந்தார். நாங்கள் அவரை 'ஆயா' என்றுதான் அழைப்போம். சந்தைக்காக மலையிறங்கி வந்து எங்கள் வீட்டில் தங்கிய ஓர் இரவில்தான் அவரை வற்புறுத்திப் படத்துக்கு அழைத்துச் சென்றோம்.

பாழடைந்த மாளிகை, மூடிய அறை, இருளில் எங்கிருந்தோ வரும் பெண் குரல். நான் பாதிப் படத்தைப் பாட்டியின் முந்தானைக்குள்ளிருந்தே பார்த்தேன். அவரோ அசையவில்லை. வீடு திரும்பும் வழியில், "ஆயா, உனக்குப் பேயைக் கண்டா பயமே இல்லையா?" என்று கேட்டேன்.

"பேயி என்னடா பண்ணும்? அது செத்துப்போன புள்ள, பாவம். அந்தக் கெழவன் சாவவே மாட்டேங்குறானே, அதுதாண்டா பயம்" என்றார். நாங்கள் சிரித்தோம். படம் பார்த்துப் பழக்கமில்லாத மலைக்காரப் பாட்டிக்குக் கதை புரியவில்லை என்று என் அண்ணன் தீர்ப்பளித்தான். அத்தீர்ப்பை நானும் வெகுகாலம் ஏற்றிருந்தேன்.

ஒரு படத்தைப் பற்றிய கருத்து காலப்போக்கில் ஏன் மாறுகிறது என்பதை விளக்க முற்படும்போதெல்லாம் அந்த இரவே நினைவுக்கு வருகிறது.

ஸ்ரீதர் இயக்கி 1963இல் வெளியான அப்படத்தில் கல்யாண்குமாரும் தேவிகாவும் நடித்திருந்தனர். ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட், இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. ஜமீன்தாரின் மகன் ஓர் ஏழைப் பெண்ணைக் காதலிக்கிறான். ஜமீன்தார் அந்தக் காதலைக் கொலையில் முடிக்கிறார். காதலர் மறுபிறவி எடுத்து வந்து மீண்டும் சந்திக்கும்போது, நூறு வயதைக் கடந்த அதே ஜமீன்தார் இன்னும் உயிரோடு இருக்கிறார். இப்பிறவியிலும் அவர்களைத் துரத்துகிறார். அந்தக் கிழவராக நடித்த எம்.என். நம்பியாருக்கு அப்போது வயது நாற்பத்து நான்குதான்.

இரண்டாம் முறை அப்படத்தைப் பார்த்தது 1980களின் இறுதியில். நான் கல்லூரி விரிவுரையாளர். வாடகைக்கு எடுத்த விசிஆரில், சக ஆசிரியர்களுடன் பார்த்தேன். கிழவரின் ஒப்பனை சிரிப்பை மூட்டியது. அரங்க அமைப்பின் அட்டைத்தன்மை கண்ணில் பட்டது. "இதற்கா பயந்தேன்?" என்று என்னை நானே கேலி செய்துகொண்டேன்.

மூன்றாம் முறை 2022 மார்ச் மாதம். பணி ஓய்வுக்குப் பின், ஒரு பிற்பகலில், தனியாக. இம்முறை நான் சிரிக்கவில்லை. மாளிகையோ குரலோ என்னை அச்சுறுத்தவும் இல்லை. ஆனால், அந்தக் கிழவர் தடியூன்றி வந்து நின்றபோது உள்ளுக்குள் ஏதோ உறைந்தது. பாட்டி சொன்னது புரிய எனக்கு ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

படச்சுருளில் ஒரு சட்டகம்கூட மாறவில்லை. அப்படியானால் மாறியது எது?

இந்த மாற்றம் எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' 1960இல் வந்தபோது, நியூயார்க் டைம்ஸின் புகழ்பெற்ற விமர்சகர் பாஸ்லி கிரௌதர் அதை அவ்வளவாக மெச்சவில்லை. அதே ஆண்டின் இறுதியில், அவரே அதை ஆண்டின் சிறந்த பத்துப் படங்களுள் ஒன்றாகச் சேர்த்தார். அதே 1960இல் பிரிட்டனில் வெளியான மைக்கேல் பவலின் 'பீப்பிங் டாம்' படத்தை விமர்சகர்கள் அருவருப்புடன் நிராகரித்தனர். பவலின் திரைவாழ்வே அதனால் ஏறத்தாழ முடங்கியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, மார்ட்டின் ஸ்கார்செஸி போன்றோரின் முயற்சியால் அது மீண்டும் திரைக்கு வந்து, செவ்வியல் படைப்பாக மதிக்கப்பட்டது. 1980இல் வெளிவந்த ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்', மிக மோசமான படங்களுக்கான 'ராஸி' விருதுப் பட்டியலில் இடம்பெற்றது. 2018இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்கத்தக்க படமாகச் சேர்க்கப்பட்டது.

பொருளியல் மாணவனுக்கு இது ஒரு பழைய புதிர். 1977இல் ஜார்ஜ் ஸ்டிக்ளர், கேரி பெக்கர் ஆகிய இருவரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, மனிதரின் அடிப்படை ரசனைகள் எளிதில் மாறுவதில்லை என்று வாதிட்டது. நல்ல இசையைக் கேட்கக் கேட்க அதை அனுபவிக்கும் திறன் நமக்குள் ஒரு மூலதனம்போல் சேர்கிறது. மாறுவது ரசனையன்று, சேமிப்பு என்பது அவர்கள் வாதம். 'சைக்கோ'வை இரண்டாம் முறை எடைபோட்ட கிரௌதருக்கும் 'பீப்பிங் டாம்' படத்தை மீட்டெடுத்தவர்களுக்கும் இது பொருந்தும். நிறையப் படங்களைப் பார்த்தவருக்குத்தான் ஒரு படத்தின் புதுமை தெரியும்.

ஆனால், திகில் படத்தில் ஒரு சிக்கல் உண்டு. பார்க்கப் பார்க்கச் சேர்வதைவிடக் கரைவது அதிகம். ஃபிராங்க் நைட் 1921இல் எழுதிய நூலில், கணக்கிடத்தக்க இடரையும் கணக்கிடவே முடியாத நிச்சயமின்மையையும் பிரித்துக் காட்டினார். திகில் படத்தை முதன்முறை பார்ப்பவர் இருப்பது நிச்சயமின்மையில். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அது எப்போது வெளிவரும் என்பது எதுவும் அவருக்குத் தெரியாது. இரண்டாம் முறை எல்லாம் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் விசிஆர் முன்னால் நாங்கள் சிரித்தோம். அச்சம் போன இடத்தில் கேலி வந்து உட்கார்வது இயல்பு.

எனினும், இவ்விரண்டும் என் மூன்றாவது அனுபவத்தை விளக்கவில்லை. என் திரை ரசனை அதற்குள் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. கதையும் எனக்குத் தெரிந்ததுதான். மாறியது வேறொன்று. எதற்கு அஞ்ச வேண்டும் என்பது பற்றிய என் புரிதல் மாறியிருந்தது.

அந்த மாதம் ஒரு தீர்ப்பு வந்தது. 2015 ஜூனில், எங்கள் நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோடு கோயிலுக்கு வேறு சாதியைச் சேர்ந்த தோழியுடன் சென்ற பட்டியலினப் பொறியியல் பட்டதாரி இளைஞர் ஒருவர், மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மறு ஆண்டு சென்னை உயர் நீதிமன்றமும் அவர்களுள் பெரும்பாலோருக்கு அதை உறுதி செய்தது. தீர்ப்புச் செய்தியைப் படித்த வாரத்தில்தான் அப்படத்தை மீண்டும் பார்த்தேன். 'சாகாத கிழவர்' எனக்கு அப்போது கற்பனையாகத் தோன்றவில்லை.

சென்னை மாகாணத்தில் ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948இல் வந்தது. படம் வெளிவந்தபோது அதற்குப் பதினைந்தே வயது. கொட்டகையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் பலர் ஜமீன் ஆட்சியில் வாழ்ந்தவர்கள். சட்டம் ஒழித்த ஓர் அதிகாரம் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது என்பதை நூறு வயது கடந்த கிழவரின் உருவில் அவர்கள் பார்த்திருக்கக்கூடும். பதினொரு வயதுச் சிறுவனுக்கு அது தெரிய நியாயமில்லை.

என் பாட்டிக்குத் தெரிந்திருந்தது. மிளகும் பலாவும் சுமந்து மலையிறங்கிவரும் அவர், அவற்றை அடிவாரத்து வியாபாரி ஒருவரிடம்தான் போட்டாக வேண்டும். என்றோ வாங்கிய முன்பணத்துக்காக, விலையை அவரே நிர்ணயிப்பார். அந்த வியாபாரி இறந்தார். அவர் மகன் அதே கணக்கு நோட்டைத் திறந்தார். என் தாத்தா இறந்தார். பாட்டி அதே கணக்கில் கைநாட்டு வைத்தார். இரு பக்கமும் ஆள்கள் மாறினர், கடன் சாகவில்லை. இவ்வகைக் கடன் உறவுகளைப் பற்றி என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஓர் இயலே எழுதியிருக்கிறேன். எழுதியபோது பாட்டியின் அந்தச் சொல் ஒருமுறைகூட என் நினைவுக்கு வரவில்லை. அதை இன்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் மலைக்கே உரிய ஓர் அச்ச உருவமும் இதையே சொல்கிறது. கொல்லிப்பாவையைச் சங்கப் புலவர்கள் நற்றிணையிலும் குறுந்தொகையிலும் பாடியுள்ளனர். அங்கே அது பெண்ணின் பேரழகுக்கு உவமை. தெய்வமோ பூதமோ படைத்தது, காற்றும் மழையும் அழிக்க முடியாதது. பிற்காலக் கதைகளில் அதுவே சிரித்து மயக்கி உயிர் குடிக்கும் கொலைப்பாவையாயிற்று. இன்றோ, மலையில் உள்ள எட்டுக்கை அம்மனே அப்பாவை என்று நம்பிக் காக்கும் தாயாக வணங்குவோர் பலர். அழகும் கொலையும் காவலும் ஒரே உருவத்தின்மீது வெவ்வேறு காலங்களில் ஏற்றப்பட்ட கருத்துகள். எந்தத் தலைமுறை எதற்கு அஞ்சியது என்பதன் பதிவு அது.

தென்னிந்தியப் பேய்ப்படங்களைத் திரும்பிப் பார்த்தாலும் இது விளங்கும். அதே வின்சென்ட் 1964இல் இயக்குநராகி, வைக்கம் முகம்மது பஷீரின் கதையில் 'பார்கவி நிலையம்' என்ற மலையாளப் படத்தைத் தந்தார். அதில் பேயாக உலவும் பார்கவி யாரையும் கொன்றவளல்லள், கொல்லப்பட்டவள். 2005இல் நாம் கொண்டாடிய 'சந்திரமுகி'யில் காதலன் தலை வெட்டப்பட்டு, தானும் உயிரோடு எரிக்கப்பட்டவள் அந்த நாட்டியக்காரி. கொன்றவன் வேட்டையன். ஆனால், திரையரங்கில் நாம் அஞ்சியது யாருக்கு, கைதட்டியது யாருக்கு? வேட்டையனின் சிரிப்பைக் குழந்தைகள் வீட்டில் நடித்துக் காட்டி மகிழ்ந்தனர். நானும் அன்று கைதட்டியவர்களில் ஒருவன்.

இதனால், பழைய படங்களை எல்லாம் சமூகவியல் பாடமாக மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திகில் படம் முதலில் திகிலூட்ட வேண்டும். முந்தானைக்குள் ஒளிந்த அந்தச் சிறுவனின் அச்சமும் உண்மையானதே. வயது ஏறியதால் மட்டும் பிந்தைய கருத்து சரியாகிவிடாது என்பதற்கு என் இரண்டாவது பார்வையே சான்று. படித்துப் பட்டம் பெற்று, நண்பர்களுடன் சிரித்த அந்த விரிவுரையாளர்தான் மூவரிலும் குறைவாகப் பார்த்தவர். பார்வை கூர்மையடைய வயது மட்டும் போதாது. வாழ்க்கையும் கொஞ்சம் இடித்துரைக்க வேண்டும். அதற்குக் காதும் கொடுக்க வேண்டும்.

ஆகவே, ஒரு படத்தைப் பற்றி மட்டுமல்ல, ஒரு மனிதரைப் பற்றியோ கொள்கையைப் பற்றியோ நாம் முதலில் கொண்ட கருத்தை அவ்வப்போது தணிக்கை செய்வது நல்லது. அப்போது அருகில் இருந்து வேறு கருத்துச் சொன்னவர் யார், அவரை ஏன் புறந்தள்ளினோம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர், பெண், மலைக்காரர் என்பதற்காகவே எத்தனை விமர்சனங்களை நாம் இழந்திருக்கிறோம்!

படத்தில் அந்தக் கிழவர் இறுதியில் புதைமணலில் மூழ்குகிறார். கொட்டகை முழுதும் அன்று விசிலடித்தது. வீட்டுக்கு வந்து பாயில் படுத்த பிறகு, பாட்டி இன்னொன்றும் கேட்டார்: "முழுசாத்தான் முங்கினானாடா? நல்லாப் பாத்தியா?" நான் கண்களை மூடிக்கொண்டிருந்தேன், ஆனாலும், "பாத்தேன் ஆயா" என்று பொய் சொன்னேன். இன்று கேட்டால், இன்னும் முழுதாக மூழ்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.