நாலு பேர், ஒரு வீடு, ஒரு பெயிண்ட் டப்பா!

வீட்டைக் காலி செய்யும்போது, 'பெயிண்ட் செலவு' என்று சொல்லி ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக் கொள்வது சென்னையில் பல ஹவுஸ் ஓனர்களின் வழக்கம். கல்யாணமாகாத பையன்கள் சேர்ந்து தங்கியிருந்த வீடு என்றால் கேட்கவே வேண்டாம். "சுவர் பூரா ஆணி, சமையல்கட்டு பூரா பிசுக்கு" என்று கொஞ்சம் கூடவே பிடிப்பார்கள். அதற்குப் பயந்து பையன்கள் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். "மச்சி, ஆளுக்குக் கொஞ்சம் காசு போடுவோம். நாமளே அடிச்சிடலாம்டா!"

ஞாயிற்றுக்கிழமை அடிக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் என் கிளினிக் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

நான் வைத்தியம் பார்ப்பது வேளச்சேரியில். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் மூன்று பேர், நான்கு பேராகச் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியிருக்கும் ஏரியா. பெண் பிள்ளைகளும் இப்படித் தங்குகிறார்கள். அவர்களும் டிரில்லிங் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்து ஷெல்ஃப் மாட்டுகிறார்கள். நல்ல விஷயம்தான். தன் வீட்டு வேலையைத் தானே செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். குடும்பம் இருக்கும் வீட்டில், "ஏய், மெயினை ஆஃப் பண்ணிட்டியா? ஸ்டூலை யார் பிடிச்சிருக்கா?" என்று கத்துவதற்கு ஒரு அம்மாவோ, தாத்தாவோ இருப்பார்கள். ரூம்மேட்கள் மட்டும் இருக்கும் வீட்டில் அப்படி யாரும் கிடையாது. அவன் பார்த்துக் கொள்வான் என்று இவனும், இவன் பார்த்துக் கொள்வான் என்று அவனும் இருந்துவிடுகிறார்கள். என்னிடம் வந்த காயங்களில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியில் நடந்தவைதான்.

தண்ணீர் பாட்டிலில் தின்னர்!

ஒரு பையன் வந்தான். வயது இருபத்தைந்து இருக்கும். விடாத இருமல். என்ன தம்பி என்று கேட்டால், ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் படுத்திருந்துவிட்டு வந்த கதையைச் சொன்னான். நைட் ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் ரூமுக்கு வந்திருக்கிறான். நல்ல தாகம். மேஜையில் தண்ணீர் பாட்டில். லைட்டைக்கூடப் போடாமல் அண்ணாந்து இரண்டு மடக்கு குடித்துவிட்டான். அது முதல் நாள் ஜன்னலுக்கு பெயிண்ட் அடித்துவிட்டு, மிச்சமிருந்த தின்னரை ரூம்மேட் ஊற்றி வைத்த பாட்டில்!

பாசமுள்ள நண்பர்கள். தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வந்து, உப்பைக் கரைத்துக் கொடுத்து, தொண்டையில் விரலைவிட்டு வாந்தி எடுக்க வைத்துவிட்டார்கள். குடித்ததைவிட இதுதான் அவனுக்கு அதிகக் கெடுதல் செய்தது.

ஏன் என்று புரிந்து கொள்ளுங்கள். தின்னர், டர்பன்டைன், மண்ணெண்ணெய் எல்லாமே நீர்த்து, சுலபமாகப் பரவுகிறவை. இவற்றால் வயிற்றில் வரும் ஆபத்தைவிட நுரையீரலில் வரும் ஆபத்துதான் பெரிது. வாந்தி எடுக்கும்போது மேலே வருவதில் கொஞ்சம் மூச்சுக் குழாய்க்குள் இறங்கினாலும் போதும், நுரையீரல் வெந்து நிமோனியா மாதிரி ஆகிவிடும். ஆகவே வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், மோர், எண்ணெய் எதையும் ஊற்றாதீர்கள். வாயை மட்டும் கொப்பளித்துத் துப்பச் சொல்லி, நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டு, உட்கார வைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். மறக்காமல் அந்த தின்னர் டப்பாவையும் எடுத்துப் போங்கள். என்ன குடித்தான் என்று அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

மிச்சமான தின்னரை அதன் டப்பாவிலேயே மூடி வையுங்கள். மூடி போய்விட்டதா? மிச்சத்தை பெயிண்ட் கடையிலோ பக்கத்தில் வேலை நடக்கிற இடத்திலோ கொடுத்துவிடுங்கள். குடிக்கிற பாட்டில், ஊறுகாய் பாட்டில் எதிலும் ஊற்றக்கூடாது. வேலை நடக்கும் அறையில் கொசுவர்த்தி, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் இருக்கக்கூடாது. அதன் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

அந்தப் பையனின் நுரையீரல் தெளிந்துவிட்டது என்று எக்ஸ்-ரேயில் தெரிந்த பிறகுதான், மிச்சமிருந்த இருமலுக்கு ஆடாதோடை மணப்பாகு கொடுத்தேன். அன்று காலையே என்னிடம் கூட்டி வந்திருந்தால் நானும் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருப்பேன்.

கண்ணில் சுண்ணாம்பு பட்டால்...

பெயிண்ட் விலைக்குப் பயந்து, சீலிங்குக்கும் பால்கனிக்கும் சுண்ணாம்பு அடித்தால் போதும் என்று இறங்குகிறவர்கள் உண்டு. சுட்ட சுண்ணாம்புக் கல்லை வாங்கி வந்து வாளியில் போட்டுத் தண்ணீரை ஊற்றி, 'தாளிக்கிறது' எப்படியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறார்கள். அது கொதித்துத் தெறிக்கும். இல்லையென்றால் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பிரஷ்ஷை இழுக்கும்போது ஒரு சொட்டு கண்ணில் விழும்.

ஆசிட் பட்டால் ஆபத்து, சுண்ணாம்பு வெற்றிலைக்குப் போடுகிற சமாசாரம்தானே என்று நினைக்கிறோம். கண்ணைப் பொறுத்தவரை இது தலைகீழ்! ஆசிட் பட்ட இடத்தில் சதை உறைந்து, அதுவே ஓரளவு தடுப்பாகிவிடுகிறது. சுண்ணாம்பு போன்ற காரம் சதையைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். கருவிழி வெளுத்துவிட்டால் பார்வையே போய்விடும்.

"விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விடலாமா டாக்டர்? தாய்ப்பால் விடலாமா?" என்று போனில் கேட்பார்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: கூடாது. விட வேண்டியது தண்ணீர், தண்ணீர் மட்டும். உடனே, அதே நிமிஷத்தில். படுக்க வைத்து, தலையைக் காயம்பட்ட கண் பக்கமாகச் சாய்த்து, இமைகளை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு, குறைந்தது அரை மணி நேரம் விடாமல் ஊற்ற வேண்டும். இமைக்குள் ஒட்டியிருக்கும் துகள் கரைந்துகொண்டே இருக்கும். அதனால் மேலிமையைத் தூக்கி அங்கேயும் ஊற்றுங்கள். வலியில் கண்ணை இறுக்கி மூடுவான், விடாதீர்கள். நாலு பேர் இருப்பதன் லாபம் இங்கேதான். ஒருவர் இமையைப் பிடிக்க, ஒருவர் தண்ணீர் ஊற்ற, ஒருவர் ஆட்டோ பிடிக்கலாம். அப்புறம் நேரே கண் ஆஸ்பத்திரி. சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1819-ல் ஆரம்பித்தது. எரிச்சல் அடங்கிவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

(வெற்றிலை போடும் பாட்டி இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: சுண்ணாம்பு பாக்கெட்டைக் குழந்தை கையில் எட்டாதபடி வையுங்கள். பிதுக்கி விளையாடும்போது பீய்ச்சி அடித்து, கண் போன குழந்தைகள் உண்டு.)

மெயினை யார் போட்டது?

இதுவும் நடந்ததுதான். ஒருவன் சுவரில் டிரில் போடுகிறான். அதற்கு முன்னால் பழைய ஸ்விட்ச் பெட்டியைக் கழற்ற வேண்டும் என்று மெயினை ஆஃப் செய்துவிட்டு வந்து ஒயரைத் தொடுகிறான். உள் அறையில் லேப்டாப்பில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவன், கரண்ட் போய்விட்டதே என்று எழுந்து வந்து, மெயின் இறங்கியிருப்பதைப் பார்த்து, ஏற்றிவிட்டுப் போய்விட்டான்! இரண்டு பேர் மேலும் தப்பில்லை. ஸ்டூலிலிருந்து தூக்கி எறியப்பட்டு, தோள்பட்டை விலகியதோடு போயிற்று. ஒயரைப் பிடித்த கை இறுகிக்கொண்டிருந்தால் அவன் என்னிடம் வந்திருக்கவே மாட்டான்.

வீட்டுக்குள் வருவது 230 வோல்ட். "ஃப்யூஸ் இருக்கே சார்" என்பார்கள். ஃப்யூஸ் ஒயரைக் காப்பாற்றும்; ஆளைக் காப்பாற்றாது. 5 ஆம்பியர் ஃப்யூஸ் என்றால் 5,000 மில்லி ஆம்பியர். இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்க வைப்பதற்கு 100 மில்லி ஆம்பியரே தாராளம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைந்துவிடுகிற பிரேக்கர் தனியாக உண்டு. உங்கள் வாடகை வீட்டில் அது இருக்கிறதா என்று ஓனரைக் கேளுங்கள். பெயிண்ட் கலரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கேளுங்கள்.

பழைய மாதிரி ஃப்யூஸ் கட்டையாக இருந்தால், மெயினை ஆஃப் செய்து, அந்தக் கட்டையைக் கழற்றி உங்கள் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு வேலை பாருங்கள். யார் வந்து மெயினை ஏற்றினாலும் கரண்ட் வராது. புது மாதிரி ஸ்விட்ச் என்றால் அதன்மேல் 'தொடாதே' என்று பேப்பர் ஒட்டி, ஒரு ஆளைப் பக்கத்தில் நிறுத்துங்கள். பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் டிரில் போட வேண்டாம். சுவருக்குள் ஒயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும்.

ஷாக் அடித்துக் கொண்டிருப்பவரைக் கையால் தொட்டு இழுக்கக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். பதற்றத்தில் மறந்துவிடுகிறது. முதலில் மெயின். மூச்சில்லை, அசைவில்லை என்றால் 108-க்கு ஒருவர் போன் செய்ய, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குலம் இறங்குகிற மாதிரி அழுத்திக் கொண்டே இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் ஆளை மாற்றுங்கள். நினைவு தப்பித் தெளிந்தவர், படபடப்பாக இருக்கிறது என்பவர் எல்லாம் ஈ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும்.

கீழே விழுவது? கட்டில்மேல் பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் ஆள். நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். தலையில் அடிபட்டவன் வாந்தி எடுத்தாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ, மூக்கிலும் காதிலும் தண்ணீர் மாதிரி கசிந்தாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இடுப்பில் அடி என்றால், ரூம்மேட் எண்ணெய் போட்டு நீவிவிடுவதை முதலில் நிறுத்துங்கள். எலும்பு முறிவு இல்லை என்று தெரிந்த பிறகு, வெறும் சுளுக்கு வீக்கத்துக்கு மூசாம்பரப் பற்று போட்டால் நன்றாக வாங்கும்.

காலில் ஆணி ஏறினால் துருவைப் பார்த்துப் பயப்படுகிறோம். ரண ஜன்னிக் கிருமி துருவில் பிறப்பதில்லை. மண்ணிலும் சாணத்திலும் தூசியிலும் இருக்கிறது. புது ஆணியாலும் வரும். காற்றுப் புகாத ஆழமான குத்துக் காயம்தான் அதற்குப் பிடித்த இடம். அதனால் மஞ்சளையோ காப்பித்தூளையோ அப்பி வாயை அடைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கடைசியாகத் தடுப்பூசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஊசி போட்டுக் கொள்ளுங்கள். "எப்போ போட்டே?" என்று கேட்டால் எந்தப் பையனுக்கும் தெரிவதில்லை. "அம்மாவைக் கேக்கணும் டாக்டர்" என்பான்! ஊரிலிருந்து இதைப் படிக்கும் தாய்மார்கள் இன்றைக்கே போனில் சொல்லிவிடுங்கள். அலமாரிக் கதவின் உள்பக்கம் நாலு பேருடைய ரத்த குரூப், ஊசி போட்ட வருஷம், ஒத்துக்கொள்ளாத மருந்து, வீட்டு நம்பர் எல்லாம் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

பாத்ரூமிலும் இதே கதைதான். காலி செய்கிற அன்றைக்கு ஒருவன் தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி ஊற வைத்துவிட்டுப் போவான். அது தெரியாமல் அடுத்தவன் வந்து கறை போக ஆசிட்டை ஊற்றுவான். கிளம்புவது குளோரின் வாயு; 1915-ல் முதல் உலகப் போரில் சிப்பாய்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. காற்றைவிடக் கனமானது என்பதால் கீழே தங்கும். குனிந்து தேய்ப்பவன்தான் முதலில் மாட்டுவான். மூக்கு எரிந்தால் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பக்கெட்டை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். இருமலும் மூச்சு முட்டலும் சில மணி நேரம் கழித்து அதிகமாகலாம். ஆகவே இருமல் நிற்கவில்லை என்றால் ராத்திரி வரை காத்திருக்க வேண்டாம்.

பழைய பெயிண்டைச் சுரண்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-ல் விதி போட்டார்கள். 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் எவ்வளவு இருக்கிறதோ! காய்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூசி உங்கள் நெஞ்சுக்குள்ளும், மாடிப்படி வழியே கீழ்வீட்டுக் குழந்தையின் வாய்க்குள்ளும் போகும். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், முகமூடி கட்டுங்கள், தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்பார்கள். வெல்லம் வயிற்றுக்குப் போகிறது, தூசி நுரையீரலில் இருக்கிறது; இரண்டும் எங்கே சந்திப்பது?

புது பெயிண்ட் அடித்த அறையில் அன்று ராத்திரி படுக்காதீர்கள். ஆஸ்துமாக்காரர் ஒருவர் கூட இருந்தால் இரண்டு மூன்று நாள் ஹாலில் பாய் போடட்டும். ஜன்னலைத் திறந்து ஃபேனை ஓட விடுங்கள்.

கையில் ஒட்டிய எனாமலுக்கு தின்னர் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். தோல் வெடித்து அரிப்பு வரும். தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவி ஐந்து நிமிஷம் தேய்த்து, பழைய துணியால் துடைத்துவிட்டுப் பாசிப்பயறு மாவு போட்டுக் கழுவுங்கள். நகக்கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் இருக்கட்டும். இரண்டு நாளில் தானே போய்விடும்.