ரிசப்ஷன் கச்சேரி: 3 மணி நேரத்துக்கு 3 வருஷ இஎம்ஐ தேவையா?

ரிசப்ஷனுக்கு லைட் மியூசிக் வைக்க ஒரு லட்சம் பர்சனல் லோன் போடலாம்னு யோசிக்கிறீங்களா? 14% வட்டி, 36 மாசம்னா இஎம்ஐ சுமார் 3,418 ரூபாய். வட்டி மட்டும் 23,000 ரூபாய். கச்சேரி நடக்கும்போது பாதிப் பேர் மொய்க் கவரோட வரிசையில நிப்பாங்க, மீதிப் பேர் பந்தியில இருப்பாங்க.

அதனால முதல்ல சேமிப்பைப் பார்த்துத் தொகையை முடிவு பண்ணுங்க. அப்புறம் குழுவைத் தேடுங்க. அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதையெல்லாம் எழுதி வாங்கிடுங்க:

1. சவுண்ட் சிஸ்டம், ஜெனரேட்டர், வண்டி வாடகை யார் செலவு?
2. எத்தனை மணி நேரம்? திறந்தவெளியில இரவு 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி வைக்க முடியாது. அதுக்கு மேல 'எக்ஸ்ட்ரா டைம்' பேசி வச்சா காசு வீண்.
3. தேதி மாறினா அட்வான்ஸ் திரும்ப வருமா?

மண்டபத்துல பாட்டுக்கு 'லைசென்ஸ் ஃபீஸ்' கேட்டா உடனே கட்டிடாதீங்க. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணம் சார்ந்த கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தருது. அதைச் சொல்லிக் கேளுங்க.

பாட்டு அன்னைக்கே முடிஞ்சிடும். இஎம்ஐ முடியாது. உங்க பட்ஜெட் எவ்வளவு? கமெண்ட்ல சொல்லுங்க.