ஒரே நாளில் பணக்கார நாடு!

எனக்கும் ஒரு ஆபீஸ் இருந்த காலம். அந்த வருஷம் எனக்குப் பத்து சதவீதம் இன்க்ரிமென்ட். பக்கத்து ஸீட் நண்பருக்கு ஐந்துதான். 'பாவம்' என்று ஓட்டலுக்கு அழைத்துப் போய் ரவா தோசை வாங்கிக் கொடுத்தேன். கை அலம்பும்போதுதான் தெரிந்தது... அவர் சம்பளம் என்னுடையதைப் போல் மூன்று மடங்கு! ரூபாய்க் கணக்கில் அவருக்குத்தான் அதிகம்.

பி.காம். படித்த லட்சணம்!

'இந்த நாடு எட்டு சதவீத வளர்ச்சி, அந்த நாடு இரண்டுதான்' என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் அந்த தோசை ஞாபகம் வருகிறது.

நைஜீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகம் புதுக்கணக்கு வெளியிட்டது. 2013-ம் வருஷத்து மொத்த உற்பத்தி ஒரே தாவாக 89 சதவீதம் கூடிவிட்டது! சுமார் 27,000 கோடி டாலர், 51,000 கோடி ஆனது. தென்னாப்பிரிக்காவை முந்தி ஆப்பிரிக்காவில் முதலிடம்.

புதிதாக எண்ணெய்க் கிணறு கிடைத்ததா? அதெல்லாம் ஒன்றுமில்லை, ஸார். அதுவரை 1990-ஐ அடிப்படை ஆண்டாக வைத்திருந்தார்கள். அப்போது செல்போன் ஏது? 'நாலிவுட்' சினிமா ஏது? அடிப்படையை 2010-க்கு மாற்றியதும், ஏற்கெனவே இருந்ததெல்லாம் கணக்கில் ஏறியது. அவ்வளவுதான். மறுநாள் லாகோஸில் பஸ் ஏறியவர் பையில் அதே நைராதான். தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால், தென்னாப்பிரிக்கர் பங்கு அப்போதும் இரண்டு மடங்குக்கு மேல்!

அயர்லாந்து கதை இன்னும் வேடிக்கை. 2015-ல் 26 சதவீதம் வளர்ந்ததாக 2016 ஜூலையில் அறிவித்தார்கள். ஊரே சிரித்தது. பன்னாட்டு கம்பெனிகள் வரியை மிச்சம் பிடிக்க, காப்புரிமை போன்ற சொத்துக்களை அந்நாட்டுக் கணக்குக்கு மாற்றியதுதான் முக்கியக் காரணம். கடைசியில் 2017-ல், இந்த மாதிரி சமாச்சாரங்களைக் கழித்துவிட்டுப் பார்க்கத் தனி அளவுகோலே தயாரித்தார்கள்.

அதனால் இப்போதெல்லாம் யார் வளர்ச்சி என்றாலும் நான்கு கேள்வி கேட்கிறேன். எந்த வருஷத்தை வைத்து? எதையெல்லாம் சேர்த்து? விலைவாசி ஏற்றத்தைக் கழித்தாயிற்றா? தலைக்கு எவ்வளவு?

சமீபத்தில் அந்த நண்பரைப் பார்த்தேன். "இந்த வருஷம் மூணு பர்சென்ட்தான்ப்பா" என்று முகத்தைத் தொங்கப் போட்டார்.

"எதுல மூணு?" என்றேன்.

தோசைக்கு அவரே பில் கொடுத்தார்.