சாம்பாரில் உப்பு, உப்பில் அயோடின்

பரமக்குடி வாசகர் ஒருவர் ஒரு விளம்பரத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். இரண்டே வார இறுதிகளில் 'சிக்ஸ் சிக்மா பிளாக் பெல்ட்' சான்றிதழாம், அதன் பிறகு சம்பளம் இரட்டிப்பாகுமாம். மகன் சேரத் துடிக்கிறான், பணம் கட்டலாமா என்று கேட்கிறார். கராத்தே வகுப்பில் கறுப்பு பெல்ட் வாங்க வருஷக்கணக்கில் உதை வாங்க வேண்டும். இங்கே நான்கு நாள் போதும் போலிருக்கிறது. சம்பள ஜோசியம் என் துறையல்ல. ஆனால் அந்தப் பாடத்துக்குள் ஒரு விஷயம் இருக்கிறது. அதற்காக மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் தகும். அதை விளக்க உங்கள் மாவட்டத்து உப்பே போதும்.

ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளம் இருக்கிறது. கழகம் 1974இல் தொடங்கியது. பாத்தியில் விளைந்ததை வாரி, கழுவி, அரைத்து, அயோடின் சேர்த்த பிறகே அது சமையல் உப்பாகும். கடையில் நாம் வாங்கும்போது பத்து லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருந்தாக வேண்டும் என்பது விதி. வழியில் ஈரத்திலும் வெயிலிலும் கொஞ்சம் போய்விடும் என்பதால் ஆலையிலேயே கூடுதலாகச் சேர்ப்பார்கள். 30 பங்கு என்று வைத்துக்கொண்டால் ஒரு டன் உப்புக்கு 30 கிராம், அதாவது உள்ளங்கையில் அடங்கும் அளவு. அதை டன் முழுக்கச் சமமாகப் பரப்ப வேண்டும். சாம்பாரில் பெருங்காயம் கரைப்பதெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

இந்தக் கரையில் ஒரு சின்ன அரவை ஆலைக்கு ஒருமுறை போயிருந்தேன். பெயர் வேண்டாம். ஓடும் பெல்ட்டில் உப்பு வர, மேலிருந்து பொட்டாசியம் அயோடேட் கரைசல் தூவிக்கொண்டிருந்தது. மணிக்கு ஒருமுறை சூப்பர்வைசர் ஒரு பிடி உப்பை அள்ளி லேபுக்கு ஓடுவார். கரைத்து, அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் விட்டால் மஞ்சள் நிறம் வரும். பியூரெட்டிலிருந்து தயோசல்பேட் சொட்டச் சொட்ட மஞ்சள் வெளுக்கும். அப்போது கஞ்சித் தண்ணீர் மாதிரி ஸ்டார்ச் கொஞ்சம் விட்டால் சட்டென்று கருநீலம்; இன்னும் சில சொட்டில் அதுவும் மறையும். மறைந்த இடத்தில் எத்தனை மில்லி என்று பார்த்துக் கணக்குப் போட்டு, ஓடிவந்து வால்வைத் திருகுவார். 33 வந்தால் மூன்று குறைப்பார், 25 வந்தால் ஐந்து கூட்டுவார். இவ்வளவு அக்கறையான மனிதரை நான் பார்த்ததில்லை. உப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

எப்படி என்று கேட்டால், இதோ. வால்வைத் தொடாமல் விட்டிருந்தால் ஐந்து மணி நேரத்தில் 33, 28, 31, 27, 32 என்று வந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கு 30. இந்த ஏற்ற இறக்கத்துக்குத் தனிக் காரணம் கிடையாது. உப்பு மணியின் பருமன், ஈரம், பெல்ட்டின் குலுக்கல், அளப்பவரின் கண் என ஆயிரம் சில்லறைக் காரணங்கள் சேர்ந்து செய்யும் வேலை. இப்போது நம்மவரின் கை நுழையட்டும். முதலில் 33, மூன்று குறைக்கிறார். அடுத்து 28 வரவேண்டியது 25 ஆகிறது. பதறி ஐந்து கூட்டுகிறார், 31 வரவேண்டிய இடத்தில் 33. மூன்று குறைக்கிறார், 26. நான்கு கூட்டுகிறார், 35. ஐந்து எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: சும்மா இருந்தால் 27க்கும் 33க்கும் நடுவில் அடங்கியிருக்கும்; திருத்தித் திருத்தி 25க்கும் 35க்கும் விரிந்துவிட்டது. ஒவ்வொரு திருத்தமும் போன மணி நேரத்துச் சில்லறைப் பிழையை இந்த மணி நேரத்துப் பிழையோடு சேர்த்துவிடுகிறது. நீண்ட நாள் இப்படிச் செய்தால், பத்தாம் வகுப்பில் படித்தோமே திட்ட விலக்கம், அதன் வர்க்கம் கச்சிதமாக இரட்டிப்பாகும்.

வீட்டில் இது தினமும் நடக்கிறது. அம்மா சாம்பாரை ருசி பார்க்கிறாள், அப்போதுதான் முறுக்குத் தின்ற நாக்கு, உப்புக் குறைவு என்கிறது. ஒரு சிட்டிகை. அக்கா வந்து பார்க்கிறாள், கூடுதல். ஒரு தம்ளர் தண்ணீர். அண்ணி வருகிறாள், சப்பென்று இருக்கிறதாம். அப்பா உருளைக்கிழங்கை வெட்டிப் போடச் சொல்கிறார், அத்தை புளியைக் கரைக்கிறாள். கடைசியில் சட்டி பொங்கி அண்டாவுக்கு மாறுகிறது, தெருவுக்கே சாம்பார். உதாரணம் கொஞ்சம் எல்லை மீறுகிறது, தெரியும். ஆனால் முதல் ருசியோடு கரண்டியைக் கீழே வைத்திருந்தால் சாம்பார் நன்றாகவே இருந்திருக்கும்.

அப்படியானால் எப்போதுதான் கை வைப்பது? அடுத்தடுத்த அளவுகளுக்கு இடையிலான வித்தியாசங்களைச் சராசரி எடுங்கள். 2.66ஆல் பெருக்குங்கள். அதை மொத்தச் சராசரியோடு கூட்டி ஒரு கோடு, கழித்து ஒரு கோடு. நம் ஐந்து எண்களுக்குச் சராசரி 30.2, வித்தியாசங்களின் சராசரி 4.25, கோடுகள் சுமார் 19இலும் 42இலும். ஐந்து எண் போதாது, இருபத்தைந்தாவது வேண்டும். கணக்கின் போக்குக்கு இது போதும். புள்ளி கோட்டுக்குள் இருக்கும்வரை வால்வைத் தொடாதே. வெளியே போனால் ஓடு, தேடு, ஏதோ ஒன்று நிஜமாகவே நடந்திருக்கிறது. ராமேஸ்வரத்து மீனவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். சாதாரண நாளில் ஒரு கூடை குறைந்தால் வலையை மாற்ற மாட்டார். ஆனால் 61 நாள் தடைக்காலம் முடிந்து ஜூன் 15இல் கிளம்பிய படகு அள்ளிக்கொண்டு வந்தால், அது வேறு கணக்கு என்று அவருக்குத் தெரியும்.

வரலாறும் கேட்பீர்கள், சுருக்கமாக. இந்தக் கோடுகளை 1924இல் அமெரிக்காவில் வால்டர் ஷூஹார்ட் ஒரு பக்கக் குறிப்பில் வரைந்து காட்டினார். 1947-48இல் மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் அவரை இந்தியாவுக்கே வரவழைத்தது. அதன் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகள் பிறகு சென்னை, கோவை வரை வந்தன. சென்னையின் சுந்தரம் கிளேட்டன் 1998இல் தரத்துக்கான டெமிங் பரிசு வாங்கியது. 'சிக்ஸ் சிக்மா' என்ற லேபிளை 1980களில் ஒட்டியது மோட்டரோலா. பத்து லட்சத்துக்கு 3.4 பிழை என்ற அதன் புகழ்பெற்ற எண்ணிலும் ஒரு சமாளிப்பு உண்டு. சிக்மா என்றால் நாம் மேலே பார்த்த திட்ட விலக்கம்தான்; சராசரி எப்படியும் 1.5 சிக்மா நழுவும் என்று முன்கூட்டியே கழித்துவிட்டார்கள். உள்ளே இருப்பது நாலரை சிக்மாதான். உண்மையான ஆறுக்கு நூறு கோடியில் இரண்டு பிழைதான் வர வேண்டும். பெல்ட் நிறங்களுக்கு எந்தக் கணக்கும் கிடையாது.

சரி, 19க்கும் 42க்கும் நடுவில் அலைந்தால் அது நல்ல உப்பா? இல்லை. கோடுகள் அந்த ஆலையின் குணத்தைச் சொல்கின்றன, அவ்வளவுதான். குணம் மாற வால்வு உதவாது, ஆலையை மாற்ற வேண்டும். உருப்படியான பயிற்சி இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த ஆலையில் மூன்று நாள் எண்களை நோட்டில் குறித்துப் பென்சிலால் படம் போட்டோம். வால்வை யாரும் தொடவில்லை. அலைச்சல் காலையில் அதிகம், மதியம் குறைவு. சூப்பர்வைசர் கருவியைச் சந்தேகப்பட்டார், நான் கரைசலைச் சந்தேகப்பட்டேன். மண்வெட்டியோடு நின்ற அக்கா எங்கள் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ராத்திரி கடல் காத்துல உப்பு ஈரம் குடிச்சு கட்டி கட்டியா கெடக்கும்ல சார், அப்படியேதான அள்ளிப் போடுறோம். பெல்ட்டுல ஒரு எடம் குவியும், ஒரு எடம் வெறும் பெல்ட்டா ஓடும்" என்றார். மறுநாள் கட்டியை உடைத்துப் போட்டார்கள்.

வாசகருக்கு: மகனிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள், வீட்டுச் சாம்பாரிலிருந்தே ஆரம்பிக்கட்டும். இருபத்தைந்து நாளைக்குப் பிறகும் ஆசை இருந்தால் கட்டணத்தைப் பற்றிப் பேசலாம்.