ராத்திரியில் எத்தனை பேர்?

முதியோர் இல்லம் பார்க்க வருகிறேன் என்று போன் செய்தால், எங்கே கேட்டாலும் காலை 10 மணிக்கு மேல் வரச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் தரை துடைத்துக் காய்ந்திருக்கும். பெரியவர்கள் குளித்து, திருநீறு இட்டு, வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். என் அத்தைக்காகக் கோவைப் பக்கம் நான்கு இல்லங்கள் பார்த்தபோது நானும் அப்படித்தான் போனேன். நான்குமே பிடித்திருந்தன.

அதில் ஒன்றில் குடையை மறந்துவிட்டு, மாலை 6.45க்குத் திரும்பப் போனேன். ராத்திரிச் சாப்பாட்டை முடித்து, எல்லோரையும் படுக்க வைத்து, விளக்கையும் அணைத்திருந்தார்கள். காலைக் காபி 7.45க்கு என்று கரும்பலகையில் எழுதியிருந்தது. நடுவில் 13 மணி நேரம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் ஒருவர் இவ்வளவு நேரம் வெறும் வயிற்றில் கிடந்தால், விடிகாலையில் சுகர் இறங்கிப்போக வாய்ப்பு அதிகம். வயதானவர்களுக்கு அப்போது வியர்த்துக்கொட்ட வேண்டும், கை நடுங்க வேண்டும் என்பதில்லை. சம்பந்தமில்லாமல் பேசுவார்கள், இல்லையென்றால் எழுப்பினாலும் எழாமல் கிடப்பார்கள். ‘வயசாச்சு, உளறுறாங்க’ என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பெயரில் இருக்கும் குழப்பம்

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவமும் சின்ன ஆபரேஷனும் நடக்கும் சிறிய ஆஸ்பத்திரி. படுத்த படுக்கையானவர்களை வைத்துப் பார்க்கும் இடங்களோ முதியோர் இல்லம், பராமரிப்பு இல்லம் என்று வேறு வேறு பெயர்களில் நடக்கின்றன. மருத்துவமனை, கிளினிக் போன்றவற்றுக்கு 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. முதியோர் இல்லங்கள் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. எந்தப் பதிவு இருக்கிறது என்று கேட்டுச் சான்றிதழைக் கையில் வாங்கி, அது எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாலும்தான்.

அமெரிக்காவில் 2008 முதல் இப்படிப்பட்ட இல்லங்களுக்கு அரசே ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறது. பணியாளர் எண்ணிக்கையும் அதில் கணக்கு. தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021 கணிப்பின்படி நூற்றுக்கு 13 பேருக்கு மேல்; கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். ஆனாலும் இங்கே நாமே நேரில் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

குதிகாலும் குறிப்பேடும்

ஓர் இல்லத்தின் யோக்கியதையைப் படுக்கைப்புண் சொல்லிவிடும். அசைய முடியாதவரைச் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் எலும்பு துருத்தும் இடங்களில், அதாவது முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் ஆகியவற்றில் ரத்தம் ஓடாமல் தோல் செத்துப்போகும். அழுத்திப் பார்த்தாலும் வெளுக்காத சிவப்புதான் முதல் அறிகுறி என்று புத்தகங்கள் சொல்லும். நம்முடைய கறுத்த தோலில் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழப்பாகவோ இருந்தால் அங்கே புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மற்றவர்களின் உடம்பை நாம் திறந்து பார்க்க முடியாது. ஆனால் கேட்கலாம்: ‘இப்போ எத்தனை பேருக்குப் புண் இருக்கு? வரும்போதே இருந்ததா, இங்கே வந்ததா?’ ஒருவருக்கும் இல்லை என்று சட்டென்று பதில் சொன்னவரைவிட, ‘ரெண்டு பேருக்கு இருக்கு, ஒருத்தருக்கு இங்கேதான் வந்தது’ என்றவரிடம் எனக்கு நம்பிக்கை வந்தது. புரட்டிப் படுக்க வைப்பதைக் குறிக்கும் தாளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஓர் இடத்தில் நான் பார்த்தபோது மணி 11. தாளில் மதியம் 2 மணிக்கும் 4 மணிக்கும் டிக் விழுந்திருந்தது, ஒரே பேனா, ஒரே கை. அங்கே காற்று மெத்தையும் இருந்தது, மோட்டார் பிளக் மட்டும் பிடுங்கியிருந்தது.

புரை ஏறும் வேளை

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை போங்கள். ஓர் ஆயா எத்தனை பேருக்கு ஊட்டுகிறார்? படுத்தவாக்கில் ஊட்டுகிறாரா, நிமிர்த்தி உட்கார வைத்தா? வாயில் இருப்பதை விழுங்கும் முன்பே அடுத்த கரண்டி போகிறதா? பக்கவாதம் வந்தவர்களுக்கும் மறதிநோய்க்காரர்களுக்கும் விழுங்கும் திறன் குறைந்திருக்கும். உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரமாவது சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். மூக்கில் டியூப் போட்டவர்களுக்கும் இதே விதிதான்.

தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். டயப்பர் மாற்றும் வேலை குறையட்டும் என்று தண்ணீரையே குறைக்கும் இடங்கள் உண்டு. நாக்கு வறண்டு, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதென்றால் சந்தேகப்படலாம். யூரின் பேக் தரையில் கிடக்கக் கூடாது. படுக்கைக்கு மேலேயும் தூக்கி வைக்கக் கூடாது.

கேட்க வேண்டிய கேள்வி

‘மொத்தம் 18 ஸ்டாஃப்’ என்பார்கள். சமையல், தோட்டம், டிரைவர் எல்லாம் அதில் சேர்த்தி. ராத்திரி 2 மணிக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். அங்கேயே தங்கித் தூங்குகிறவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களில் நர்சிங் படித்தவர் யார்? வெள்ளை கோட்டு போட்டவரெல்லாம் நர்ஸ் இல்லை. கட்டிலோரம் மணி இருந்தால் அழுத்திவிட்டு, ஆள் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். நான் அழுத்திய ஒரு மணி அடிக்கவே இல்லை.

ஆள் பற்றாத இடத்தில் அந்தக் குறையைத் தூக்க மாத்திரையும் துணிக்கட்டும் ஈடுகட்டும். ‘டியூபைப் பிடுங்குறாங்க, அதான் கட்டினோம்’ என்பார்கள். எப்போதாவது அதற்கு அவசியம் வரலாம். டாக்டர் எழுதிய சீட்டும் குடும்பத்தின் சம்மதமும் இல்லாமல் மட்டும் கூடாது. தூக்க மாத்திரை சாப்பிட்டவர் நடுராத்திரி பாத்ரூம் போகத் தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். அந்த வயதில் அதற்குப் பிறகு பழையபடி நடப்பவர்கள் குறைவு. கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு, கமோடு பக்கத்தில் சுவரில் ஆடாத கைப்பிடி, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள், இவ்வளவு இருந்தால் போதும்.

பணம் பற்றிச் சுருக்கமாக: டெபாசிட் எப்போது திரும்பும், டயப்பரும் பிசியோதெரபியும் தனிக் கணக்கா, படுத்த படுக்கையானால் வெளியே அனுப்பிவிடுவார்களா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். முறைகேடு என்று தெரிந்தால் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச எண்ணில் சொல்லலாம்.

சேர்த்த பிறகு

கடைசியில் அத்தையைச் சேர்த்தது நான்கில் பார்க்க மிகச் சுமாராக இருந்த இல்லத்தில். சுவரில் பெயிண்ட் உதிர்ந்திருந்தது, தோட்டம் என்று பெயருக்கு இரண்டு செம்பருத்தி. பத்து நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் காலை 6 மணிக்குப் போய் நின்றேன். ராத்திரி டியூட்டி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த அக்கா, நான் யாரென்று தெரிந்ததும் நின்றார். “பாட்டி தெனமும் மூணு மணிக்கு முழிச்சுக்கறாங்க. விடிஞ்சுருச்சுன்னு காபி கேட்கறாங்க. ஜன்னலத் தொறந்து இருட்டக் காட்டுனா திரும்பப் படுத்துக்கறாங்க.”